அம்மாவைப் பங்கு போட வந்தவள்

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் ஜூன் மாதம் வரத்தான் செய்தது. காலையில் தெருமுனையில் வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும். எதிர்வீட்டு அண்ணனும் தங்கையும் விறைப்பான புது யூனிபார்மில், முதுகைவிடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு ஓடுவார்கள். நான் பல்கூடத் தேய்க்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்து அவர்கள் வயிறெரிகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர்களுக்கு வேன் இருந்தது, டை இருந்தது, ஷூ இருந்தது. எனக்கு அம்மா இருந்தாள், நாள் முழுக்க, பங்குக்கு ஆளே இல்லாமல்.

மூன்றாம் வகுப்புப் பாதியில் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். எனக்கு வீசிங் தொந்தரவு. வாரத்தில் பாதி நாள் லீவு போடுவேன். மீதி நாளில் விட்டுப்போன பாடத்துக்காகத் திட்டு வாங்குவேன். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மா, ஒருநாள் நானே சொல்லித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆரணியில் எங்கள் சொந்தத்தில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. வந்தவர்களெல்லாம் காபி குடித்து முடித்ததும், பொண்ணு ஃபெயிலாயிடுச்சா என்று தாழ்ந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்பா பட்டு நூல் வாங்கி நெசவுக்காரர்களுக்குக் கொடுத்து, புடவையாக வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். சாம்பிள் பார்க்காமல் எதிலும் இறங்கமாட்டார். "ஒரு வருஷம் பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வருஷம் நான் ராணியாக இருந்தேன். தோசையைப் பிய்த்துத்தான் பின்னக் கணக்கு. தலை பின்னும்போது வாய்ப்பாடு. மத்தியானம் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு தமிழ்ப் பாடம். தூக்கம் வந்தால் பாடமும் தூங்கிவிடும்.

ராணிக்குப் பயமில்லை, அம்மாவுக்குத்தான் பயம் வந்தது. பத்தாவது பரீட்சையை இவள் எங்கே போய் எழுதுவாள், நாலு பேரோடு பழகத் தெரியாமலே வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று போனில் யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிப் பேசிப் பேசியே, சுற்றுவட்டாரத்தில் எங்களைப் போலப் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற இன்னும் மூன்று குடும்பங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். முதலில் அது வாட்ஸ்அப் குழுவாக மட்டும் இருந்தது. அதில் பாடத்தைப் பற்றிய பேச்சு குறைவு. பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டதுதான் அதிகம். கோடை முடிகிற நேரத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் எல்லாரும் எங்கள் வீட்டு மாடியில் கூடுவது என்றும், ஊர்ப் பள்ளிகள் திறக்கிற அன்றைக்கே நாமும் தொடங்குவது என்றும் முடிவாயிற்று.

மாடி அறையில் அப்பாவின் பட்டுக் கட்டுகளும் ஜரிகைப் பெட்டிகளும் இருந்தன. அவற்றைக் கீழே இறக்கும்போது அப்பா முணுமுணுத்தார். "பட்டு வெக்கிற எடத்துல பசங்கள வெக்கிறேன்றியே!" அவரும் என் கட்சி என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் அவரே போய்ப் புதுப் பாய் வாங்கிவந்து விரித்தார்.

முதல் நாள், தேவிகாபுரத்திலிருந்து ஒரு விவசாயி மாமா இரண்டு பையன்களை பைக்கில் வைத்துக் கூட்டிக்கொண்டு, வறுத்த வேர்க்கடலைப் பையோடு வந்தார். எங்கள் ஊரிலேயே பாங்க்கில் வேலை பார்க்கிற ஒரு கணவனும் மனைவியும், எல்லா பஸ் ரூட்டும் மனப்பாடமாகத் தெரிந்த தங்கள் மகனோடு வந்தார்கள். கடைசியாக, வியர்த்து விறுவிறுத்து, செய்யாற்றிலிருந்து பஸ் பிடித்து ஒரு ஆன்ட்டி வந்தார்கள். அவர்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு என் வயதில் ஒரு பெண். இரட்டைப் பின்னல், மை தீட்டிய பெரிய கண்.

அவள் பேசமாட்டாள் என்றார்கள். பிறவியிலேயே பேசாதவள் இல்லையாம். போன வருஷம் பள்ளியில் என்னவோ நடந்து, அதிலிருந்து வீட்டிலும் வெளியிலும் வாயே திறப்பதில்லையாம். பெரியவர்கள் மாடிப்படியில் நின்று இதைக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது வெறும் திமிராகப் பட்டது. பேச்சு வருகிறவள் பேசாமல் இருந்தால் வேறு என்ன?

மத்தியானம் எல்லாரும் கட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்துச் சாப்பிட்டோம். அவள் மட்டும் தட்டைத் தொடவில்லை. அவள் அம்மா ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது என் அம்மா தயிர்ச் சாதத்தைப் பிசைந்து, சின்ன உருண்டையாக உருட்டி, அவள் வாய்க்கு நேரே நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள்! அடுத்த உருண்டையையும் வாங்கிக்கொண்டாள். ஒன்பது வயதாகிவிட்டது, இனிமேல் ஊட்டமாட்டேன் என்று எனக்குச் சொன்ன கை அது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அவள் பேச்சாகவே இருந்தது, அவள் பேசாவிட்டாலும். அவளுக்கு முறுக்கு பிடிக்கிறது என்று அம்மா முறுக்கு சுட்டாள். பொம்மை போட்ட புத்தகத்தை அவளுக்கென்று அலமாரியில் மேலே எடுத்து வைத்தாள். வகுப்பு நாளில் அவள் என் அம்மாவின் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். அம்மா ஒரு கையால் கணக்குப் போடுவாள், மறு கை அவள் தலையில் இருக்கும். நான் எல்லாக் கேள்விக்கும் முதலில் பதில் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். "சரி, மத்தவங்களும் சொல்லட்டும்" என்றாள் அம்மா. வாயைத் திறக்கிறவளுக்கு மரியாதையில்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஆகவே நானும் பேச்சை நிறுத்தினேன்.

ஒரு வகுப்பு நாள் காலையில் எழுந்ததிலிருந்தே வாயை மூடிக்கொண்டேன். அம்மா மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார். "இன்னாமா, இன்னிக்கு வூடே அமைதியா கீது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் சத்தம் வரும்.

வகுப்பில் அம்மா என்னிடம் ஏதோ கேட்டாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டாள். மறுபடி ஆட்டினேன். அவ்வளவுதான், அம்மா செய்யாற்றுப் பெண்ணின் தலையை விட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். வீசிங் என்று நினைத்துவிட்டாள். என் மார்பில் கை வைத்துப் பார்த்தாள், முதுகைத் தேய்த்தாள், கீழே போய் இன்ஹேலரை எடுத்துவரச் சொல்லி யாரையோ விரட்டினாள். செய்யாற்று ஆன்ட்டி என் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். தேவிகாபுரத்து மாமா, "ஜல்தியா வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று பைக் சாவியை எடுத்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மாவின் இரண்டு கையும் என்மேல் இருந்தன. எத்தனை நாளாயிற்று! இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று மூச்சைக்கூட லேசாக இழுத்துக் காட்டினேன்.

அப்போது பாயின் ஓரத்திலிருந்து, கரகரவென்று, அந்த மாடியில் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"ஆன்ட்டி, அவ சும்மா நடிக்கிறா."

எல்லாரும் திரும்பினோம். இரட்டைப் பின்னல்காரி கையை நீட்டி என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எதிர்பார்த்த அடி விழவில்லை. என்னை யாரும் பார்க்கவேயில்லை. அம்மா அவளை வாரி எடுத்து அணைத்துக்கொண்டு, "இன்னா சொன்னே, இன்னா சொன்னே" என்று சிரித்தாள், அழுதாள். பஸ் ரூட் பையன் கை தட்டினான். என் காலடியில் இருந்த செய்யாற்று ஆன்ட்டி முழங்காலாலேயே நகர்ந்து மகளிடம் போனார்கள். "எங்கிட்ட சொல்லுடா கண்ணு. ஒரே ஒரு வாட்டி, அம்மாகிட்ட சொல்லு."

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். என் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆன்ட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். பிறகு எழுந்து சிரித்தார்கள். "உங்க கை ராசிங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமே ஆகவில்லை.

அடுத்த வகுப்புக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அம்மா போன் செய்தால், வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாறிவிட்டது, அதனால் வர முடியவில்லை என்று பதில் வந்தது. அவர் ஷிப்டுக்கும் இவர்கள் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. என் பிரார்த்தனை பலித்துவிட்டதென்று சுவாமி படத்துக்குப் பூ வைத்தேன். அம்மா மட்டும் வகுப்பு நேரத்தில் ஏதாவது பஸ் ஹாரன் கேட்டால் மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து எட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு செய்யாற்றுக்கே போனாள். அந்த வீட்டுக் கூடத்தில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். சமையலறையில் அவள் அம்மா பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"ஷூ கம்பெனி வேலைய உட்டுட்டு வூட்லயே கீறேன்க்கா. பொழுதன்னைக்கும் அவ வாயவே பாத்துகினு கீறேன். ஒரு வார்த்தை வராதான்னு. வந்துச்சு. எனக்கு இல்ல."

தம்ளரைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு என் அம்மா, "வர்ற வாரத்துலருந்து கதை நேரம் உங்களுதுங்க. எனக்கு அது ஒத்து வரல. நீங்க வந்து படிங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்குக் கதை சொல்ல ஒத்து வராதாம்!

அவர்கள் வந்தார்கள். செய்யாற்று ஆன்ட்டி கதை படித்தால், பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் கூவுவதுபோல் இருக்கும். ராஜாவும் ஒரே குரல், புலியும் ஒரே குரல். தேவிகாபுரத்துப் பையன்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வார்கள். அம்மா அந்த நேரம் பார்த்து டீ போடுகிறேன் என்று கீழே போய்விடுவாள். இரட்டைப் பின்னல்காரி படியிறங்கி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்தால், அம்மா மெதுவாக அவள் விரலைப் பிரித்து, "மேல போ கண்ணு, அம்மாகிட்ட போ" என்று திருப்பி அனுப்புவாள். அவள் கண் கலங்கியபடி மேலே போவாள்.

நான் ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதத்துக்குள் அம்மாவுக்கு அவளைச் சலித்துவிட்டது, கடைசியில் சொந்தப் பெண்தான் பெரிதென்று தெரிந்துவிட்டது. டீ பாத்திரம் கொதித்து வழிவதைக்கூடப் பார்க்காமல், மேலே கேட்கிற புலியின் குரலுக்கே காதைக் கொடுத்து அம்மா சுவரில் சாய்ந்து நின்றிருக்கும்போது, நான் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். அவள் என்னை இறுக்கி அணைத்துக்கொள்வாள். அந்த இறுக்கம் முழுவதும் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம், செய்யாற்று ஆன்ட்டி ஒரு நீளமான கதையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கதை எங்களுக்கே சலித்துப் போய் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தோம். அவள் தன் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். புலி எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது முந்தானையை இழுத்தாள்.

"மா, தண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். வெறும் தண்ணீர்தானே, எல்லாரும் கேட்பது. ஆன்ட்டி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்கள். மூடியைத் திருகினார்கள். கை வழுக்கியது. முந்தானையால் பிடித்துத் திருகினார்கள். மறுபடி வழுக்கியது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூடியையே பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினார்கள், அதையும் தப்புப் பக்கமாக. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், வாங்கி, ஒரே திருகில் திறந்து அவளிடம் கொடுத்தேன். அவள் மடமடவென்று குடித்தாள்.

இத்தனை பெரிய ஆன்ட்டிக்கு ஒரு பாட்டில் மூடியைத் திறக்கத் தெரியவில்லை என்று சாயங்காலம் அப்பாவிடம் நடித்துக் காட்டினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, என்னை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்தான் சரியாக நடித்துக் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.