விறகுக் கொட்டகை என்று எழுதிய அறை

கங்காணியார் கொண்டுவந்த வீட்டு வரைபடத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. நல்ல காரியத்துக்கான காகிதம் வெறுமையாகப் போகக்கூடாது என்று வீட்டிலேயே தடவி, சுருட்டி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மலாக்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்திருந்தார். மெழுகு பூசிய துணித்தாளில் கறுப்பு மையால் வரைந்த படம் அது. எங்கள் அலுவலகத்தில் கறைபடிந்த படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் எதிரிலேயே ஈரத்துணியை எடுத்து மஞ்சளைத் துடைத்தேன். மஞ்சள் போகவில்லை, ஒரு மூலையில் மைதான் கலைந்தது. அவர், தம்பிக்குத் தெரியாததா என்பதுபோல் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இப்போது புக்கிட் காத்திலில் என் மகன் வீட்டின் பின்புறம் தனிச் சமையற்கட்டோடு ஓர் அறை கட்டுகிறான். போன வாரம் மனுத்தாளைக் கையெழுத்துக்கு நீட்டினான். படத்தில் அடுப்பு எங்கே என்றுதான் முதலில் பார்த்தேன். சரியான இடத்தில், சரியான அளவில் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பாவுக்குப் பணம் செலவாகிறதே என்று வருத்தம் போலிருக்கிறது என்று மகன் நினைத்திருப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்துநான்கு வயது. மலாக்காப் பட்டணத்தில் வீடு கட்டவும், கட்டிய வீட்டை நீட்டவும் அனுமதி தருகிற அலுவலகத்தில் குமாஸ்தா. வெள்ளை டிரில் கோட்டு, கழுத்தில் டை, மேசைமேல் மைக்கூடு. தமிழர்கள் யார் வந்தாலும் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் நான்தான். இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்பது என்மேல் உள்ள இரக்கத்தில் சொல்வது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உன் மேசையைச் சுற்றி எப்போதும் உன் ஆட்களாகவே நிற்கிறார்களே என்று தலைமைக் குமாஸ்தா ஒருமுறை கேட்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நான் நெஞ்சில் முள்ளாக வைத்துக்கொண்டு அலைந்தேன்.

கங்காணியார் எனக்கு யாரோ அல்ல. என் அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி அவர்தான். விடியற்காலையில் வேலையாட்களை எண்ணும் பெரட்டுக்களத்தில் அவர் ஆள் கூப்பிடும் குரல் கேட்டால் லயத்து வீடுகளில் கைக்குழந்தைகூட வாயை மூடும் என்பார்கள். அடித்தவர்தான், வைதவர்தான்; அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்பா என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றபோது, "அனுப்பு. ஒரு பய கை குறைஞ்சா மரம் பால் கொடுக்காம போயிடாது" என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தந்தவரும் அவர்தான். ரப்பர் விலை விழுந்து ஊரிலிருந்து ஆள் சேர்ப்பது நின்றபின், பட்டணத்து ஓரத்தில் ஒரு பலகை வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத் தெரிந்த அந்தக் கங்காணி எங்கே போனாரோ, பட்டணத்துக்கு வந்தவர் மெதுவாகப் பேசுகிற ஒரு வயதானவர்.

அவருக்கு ஒரே மகன். அந்த மகன் கல்யாணம் செய்துகொண்ட பெண், கங்காணியாரே நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிக் கூட்டிவந்த ஒரு குடும்பத்தின் பெண். அந்த வீட்டாரின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார் அவர் மனைவி கங்காணியம்மா. மருமகளாக வந்த பிறகும் அவளை அடுப்படிக்குள் விடவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு வாசற்பக்கம் வைப்பாராம். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த அந்தப் பெண், மடியில் குழந்தையோடு, இனி என் கையால் சமைத்துத்தான் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் புருஷனோடு வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். பேரனைப் பிரிந்து இருக்கிற தைரியம் கங்காணியாருக்கு இல்லை. அதற்காகத்தான் வீட்டின் பின்புறம் தனி வாசலோடு ஓர் அறை, அதில் ஓர் அடுப்பு. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் அலுவலக விதிப்படி அடுப்புதான் எல்லாம். ஒரு கூரையின்கீழ் இரண்டாவது அடுப்பு வந்துவிட்டால் அது இரண்டாவது வீடு. இரண்டாவது வீட்டுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும், தனிக் கால்வாய் வேண்டும், கக்கூஸ் வாளி எடுக்க வருகிறவர்கள் பின்பக்கமாக வந்துபோகச் சந்து வேண்டும். கங்காணியார் வீட்டுக்குப் பின்னால் சந்தும் இல்லை, சந்து விட இடமும் இல்லை. இதற்கும் ஒரு வழி இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதி, விதிவிலக்குத் தரவேண்டும் என்று தனி மனு வைத்தால் துரை கொடுப்பார். என் மேசை வழியாகவே இரண்டு மனுக்கள் அப்படிப் போய்க் கையெழுத்தாகி வந்திருந்தன. ஆனால் அந்த மனுவில் சிபாரிசுக் குறிப்பு எழுத வேண்டியவன் நான்.

அடுப்பைக் காட்ட வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியதுமே அவர் முகம் மாறியது. "அடுப்பக் காகிதத்துல எழுத வேணாம் தம்பி. ரெண்டு அடுப்புன்னு எழுதிட்டா குடும்பம் ரெண்டாப் போச்சுன்னு சர்க்காரே முத்திர குத்துன மாதிரி ஆயிடும். எங்க வீட்டுக்காரி இதக் கேட்டா உசிர விட்டுருவா. ஊரும் சிரிக்கும்லா" என்றார். வீட்டுக்குள் சோறு வாசலுக்குப் போவது ஊருக்கே தெரியும். ஆனாலும் அடுப்பு ஒன்று என்கிற வரையில் குடும்பமும் ஒன்று என்பது அவர் கணக்கு. எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அது தவறு என்று நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சிபாரிசுக் குறிப்பு எழுத வேண்டாம், தலைமைக் குமாஸ்தாவின் பார்வையில் பட வேண்டாம். "அப்படின்னா அறைன்னே எழுத வேணாம் ஐயா. விறகுக் கொட்டகைன்னு போட்டுடுவோம். ஒரே வாரத்துல அனுமதி வந்துடும்" என்றேன். ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவனைப் போலத்தான் சொன்னேன். கலைந்த மைக்குமேல் என் கையாலேயே அந்த வார்த்தைகளை எழுதினேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சொன்னபடி ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. பாக்காவ் என்கிற சதுப்புநில மரக் கட்டை நட்டு, பலகை அடித்து, தகரம் போட்டு மார்கழி முடிவதற்குள் அறை எழும்பிவிட்டது. மருமகள் மூன்று செங்கல் வைத்துச் சமைக்கத் தொடங்கினாள். இனி இன்ஸ்பெக்டர் ஒருமுறை வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனால் கோப்பு முடிந்துவிடும். செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நாலு கட்டு விறகை அடுக்கிவைத்தால் போதும். எந்த நாளில் எந்த வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் போவது என்று பட்டியல் தட்டச்சு செய்பவனும் நான்தான். கங்காணியார் வீட்டுக்கு நான் போட்ட தேதி தைப்பொங்கல். அதே நாளுக்கு எனக்கு லீவு கேட்டு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படியும் அந்தத் தேதி என் புத்தியில் உறைக்கவில்லை. அவருக்கு முன்கூட்டிச் சொல்லி அனுப்பவும் இல்லை. நான் வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் அங்கே போய் நின்றிருக்கிறது.

நடந்ததைக் கங்காணியாரே பிறகு என்னிடம் சொன்னார். தூரத்தில் சைக்கிளைப் பார்த்ததும் அவர் ஓடிப்போய், "பானைய எறக்கு தாயி, நெருப்ப அள்ளிடு" என்று கெஞ்சினாராம். பால் அப்போதுதான் நுரை கட்டியிருந்தது. கல்யாணமாகி வந்தபின் அவள் தன் கையால் வைத்த முதல் பொங்கல். "பொங்காம எறக்க மாட்டேன் மாமா. என்ன வேணா பண்ணிக்கட்டும்" என்று பானையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தள்ளிவிட்டு நெருப்பை அணைக்க அவருக்கும் கை வரவில்லை. பொங்கலன்று பொங்குகிற பானையை யார்தான் இறக்குவார்கள்? இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். பொங்கி வழியும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் துரை கங்காணியாரை அழைத்தார். துரை சீமையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மலாய்கூடப் பேச வராது. நடுவில் நான் நின்றேன். விறகுக் கொட்டகை என்று பொய் எழுதியது ஏன் என்று துரை கேட்டார். பிறகு இன்னொன்றும் கேட்டார். அப்படி எழுதும்படி யாராவது தவறாக வழிகாட்டினார்களா, அப்படியிருந்தால் சொல்லச் சொல், புதிதாக மனுப்போட அவகாசம் தருகிறேன் என்றார். அறை நிற்பதும் விழுவதும் அந்தப் பதிலில்தான் இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது எழுதச் சொன்னார்களா என்பதை மட்டும் தமிழில் கேட்டேன். அவகாசத்தைப் பற்றிய பேச்சை விழுங்கிவிட்டேன்.

கங்காணியார் துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தம்பிதான் எழுதச் சொன்னுச்சு. அதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க, எங்களுக்கு நல்லது நெனச்சுத்தான் சொன்னுச்சு. இதையும் தொரகிட்ட சொல்லிடுப்பா" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எனக்கு நற்சாட்சி சொல்வதாகத்தான் நினைத்தார். நான் துரையிடம் திரும்பி, இவருக்கு விதி தெரியாது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மன்னிப்புக் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. துரை பதினாலு நாளில் பிரித்துவிட வேண்டும் என்றார். அப்போது என் மனசாட்சி கொஞ்சம் அசைந்ததோ என்னவோ, ஒரு மாதம் கொடுங்கள் என்று நானே கேட்டேன். கொடுத்தார்.

வெளியே வந்ததும் கங்காணியார் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ பேசுனதாலதான் தம்பி தொர ஒரு மாசம் குடுத்தாரு. இல்லாட்டி நாளைக்கே இடிச்சிருப்பாங்கல்ல" என்றார். நான் என் மேசைக்குத் திரும்பிப் போனேன். ஒரு மாதம் முடிவதற்குள் மகனே பலகைகளைக் கழற்றினான். பிறகு ஜொகூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு லாரி ஏறிவிட்டான். கங்காணியம்மா அன்று வெளியே வரவேயில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த வருடமே என் வேலை நிரந்தரமானது.

அதற்குப் பிறகு கோயிலிலோ பாசார்ச் சந்தையிலோ என்னைக் கண்டால் கங்காணியார் பக்கத்தில் நிற்பவர்களை நிறுத்தி, "இந்தத் தம்பிதான் எனக்காகத் தொரகிட்ட வாதாடுனது" என்பார். அவர் வருவது தெரிந்தால் நான் வேறு பக்கமாகத் திரும்பிவிடுவேன். மூன்று வருடம் அப்படி ஓடியது. ஒரு நாள் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இப்ப ஒரு மனு போட்டா கெடைக்குமா தம்பி? இந்தத் தடவ அடுப்பையும் எழுதியே போடுவோம். யார் சிரிச்சா என்ன. பேரனப் பாக்கணும்." கங்காணியம்மா உள்ளேயிருந்து, "எழுதச் சொல்லுங்க" என்றார்.

எழுதினேன். அடுப்பைக் காட்டி, சந்து இல்லாததையும் காட்டி, கீழே என் பெயரில் சிபாரிசுக் குறிப்பும் எழுதினேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் விதிவிலக்கோடு அனுமதி கையெழுத்தாகி வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. முதல் தடவையே இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஜொகூருக்குக் கடிதம் எழுதச் சொன்னார், எழுதினேன். பதில் என் அலுவலக விலாசத்துக்கு வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் அவர் வீட்டுக்குப் போய் வாசிக்க வேண்டும். மருமகள் சொல்ல மகன் எழுதியிருந்தான். மாமாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அத்தைக்கு என் நமஸ்காரம். இங்கே எனக்குத் தனி அடுப்பு இருக்கிறது. அங்கே என் அடுப்பை ஒருமுறை பெயர்த்து எடுத்தாகிவிட்டது, இனி வரமாட்டேன். பிள்ளைக்குத் தாத்தாவின் முகம் ஞாபகம் இல்லை.

கடைசி வரியை வாசிக்காமல் விட்டிருக்கலாம். துரைக்குச் சொல்லாமல் விழுங்கத் தெரிந்த எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அன்றைக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். உண்மையைச் சொல்கிற தைரியம் எனக்கு அவருடைய விஷயத்தில்தான் வந்தது, என்னுடைய விஷயத்தில் வரவில்லை. கங்காணியார் படுத்தபடியே கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டார்.

"பரவால்ல தம்பி. நீ ரெண்டு தடவயும் எனக்காக எவ்வளவோ பாடுபட்ட" என்றார்.

நான் கடிதத்தை மடித்து அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்துகொண்டேன்.