ஓரம் வெட்டாத படம்

நான் எழுதிவந்த இணையச் சமையல் மன்றத்தில் ஒரு சட்டம் இருந்தது. படத்தின் அகலம் அறுநூற்று நாற்பது பிக்சலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கமே வலப்புறம் இழுத்துக்கொண்டு போய்விடும். கீழே எழுதியிருப்பதை வரிக்கு வரி நகர்த்தித்தான் படிக்க வேண்டும். மன்றத்தை நடத்திய அம்மையார் இதில் மகா கறார். அதனால் ஓரங்களை வெட்டி, கிண்ணத்தை மட்டும் நடுவில் வைத்து, சுருக்கிப் போடுவேன்.

ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்து குடியேறிய புக்கிட் பாத்தோக் வீட்டில் மதியங்கள் நீளமானவை. கணவர் வேலைக்குப் போன பிறகு மழை வரும். தூரத்தில் ரயில் போகும். அரைத் தூக்கத்தில் நான் வத்தக்குழம்பின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருப்பேன். என் படங்களில் ஆளே கிடையாது. குழம்பு தன்னைத்தானே சமைத்துக்கொண்டு மேசையில் மிதப்பதுபோல் இருக்கும்.

ஊரிலிருந்து அம்மா பார்க்கிறாள் என்பதற்காகவே எழுதினேன். அப்பா, என் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. போனில் "அப்பாகிட்ட குடும்மா" என்றால், "குளிக்கிறார்டி" என்பாள் அம்மா. எப்போது கூப்பிட்டாலும் குளியல். உலகத்திலேயே சுத்தமான மனிதர் என் அப்பாதான். எரிச்சலாக இருக்கும், பிறகு அழுகை வரும். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க, நம்மூர்க் கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலைக்குப் போனேன். துவாஸில் கப்பல் பட்டறை வேலை என்று சொன்ன ஒருவர், பூக்கடை முன்னால் நின்று போனை நீட்டினார்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தாங்க."

பழக்கதோஷம், மார்பு வரைக்கும் அழகாக எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"முழுசா எடுங்கக்கா. கை, கால், விரல் எல்லாம் தெரியணும். அம்மா பெருசாக்கி ஒவ்வொண்ணா பார்ப்பாங்க. ஏதாச்சும் தெரியலன்னா, அடிபட்டுருச்சு, மறைக்கிறான்னு அழ ஆரம்பிச்சுடுவாங்க."

கூட்டம் இடிக்க இடிக்கப் பின்னால் நகர்ந்து, செருப்பு வரை எடுத்தேன். அவர் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் மோர்க்குழம்புப் படத்தோடு உட்கார்ந்தேன். வலது ஓரத்தில், கரண்டி பிடித்த என் கை. அதை வெட்ட மனம் வரவில்லை. சுருக்கவும் இல்லை. அப்படியே ஏற்றினேன். வெளியே நல்ல மழை. படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. ஆவி வந்தது, மஞ்சள் வந்தது, கறிவேப்பிலை வந்தது. கிண்ணமே திரையை நிறைத்துவிட, கை எங்கோ வலப்பக்கம் வெளியே போயிருந்தது. நகர்த்திக்கொண்டு போனால்தான் தெரியும்.

அம்மையாரின் கண்டிப்பு, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு, உடனே வந்தது. "தோழி, இது என்ன லாரி சைசுக்கு இருக்கு? சுருக்குங்க லா."

அதற்குக் கீழே, படமில்லாத சாம்பல் நிற முகத்தோடு புதிய உறுப்பினர் ஒருவர்: "சுருக்க வேண்டாம். ஓரம்வரை நகர்த்திப் பார்த்தேன். மணிக்கட்டில் கார்த்திகை விளக்கு சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறதே."

சிறுவயதில் பட்ட சூடு அது. பூனை பிராண்டியது என்று அம்மாவிடம் அப்பாவும் நானும் சேர்ந்து புளுகினோம். இன்றுவரை அம்மாவுக்கு அது பூனைதான்.

திரை கலங்கித் தெரிந்தது. "வலி இல்லை அப்பா" என்று எழுதினேன், அத்தனை பேர் பார்க்கும் இடத்தில். நடுவே யாரோ மோர் திரிந்துபோகாமலிருக்க என்ன செய்வது என்று கேட்டார்கள். மழை விடும்வரை அந்தச் சாம்பல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வரி வந்தது.

"அடுத்த படத்தில் முகமும் வரட்டும்."