ஃபிரிட்ஜ் பக்கத்து ஸ்டூல்

என் மகள் மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனிக்குப் போனாள். பதிலுக்கு அங்கிருந்து பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பொன்னேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது வாரமே வேறு வீடு வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிட்டாள். 'இங்கே நான் இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறேன்' என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

எனக்குச் சுருக்கென்றது. சூடு ஆறாமல் இட்லி வைத்தேன், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டேன், ஒரு டம்ளரைக்கூட அவளைக் கழுவ விட்டதில்லை. இதற்கு மேல் என்ன செய்வார்களாம்? கோபம் அடங்கியதும் பயம் வந்தது. என் மகளும் அங்கே யாரோ ஒருத்தியின் வீட்டில் இப்படித்தான் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாளோ என்று நினைத்து அழுதேன்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வந்து அவளை அழைத்துப்போவதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த என் கணவர், வழக்கம்போல் உலகத்தை மறந்து டிவி முன்னால் இருந்தார். பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்த அந்தப் பெண், நேரம் போகாமல் ஃபிரிட்ஜ் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சிக்ஸர். அடுத்த பந்தும் சிக்ஸர். தண்ணீர் எடுக்க எழுந்தாள், விக்கெட் விழுந்தது.

"இன்னாம்மா நீ, எழுந்தா விக்கெட் பூடும்னு தெரியாதா? அங்கயே போய் குந்து" என்றார் என் கணவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். உட்கார்ந்த இடம் ராசியானால் மேட்ச் முடியும் வரை அசையக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், நானும் இதே திட்டை வாங்குகிறவள்தான் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். "அப்படியானால் என்னால்தான் அவுட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூன்று வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

அதன்பின் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுப்பைப் பார்க்க நான் எழுந்தபோது இன்னொரு விக்கெட் போனது. "ஆன்ட்டி, குந்து" என்று அதட்டினாள். என் மகளும் என்னை அப்படித்தான் அதட்டுவாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் வாசலில் வந்து நின்று, கிளம்பலாமா என்று கேட்டார். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுந்தா விக்கெட் பூடும் சார்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் இருந்த பெட்டியை அந்த நிமிடமே உள்ளே தூக்கி வைத்துவிட வேண்டும்போல் எனக்குக் கை பரபரத்தது. ஆனால் இன்னும் இரண்டு ஓவர் பாக்கி. நானும் எழுந்திருக்கவில்லை.