அம்மாவின் இடது கால்

1. இன்று காலை எங்கள் பழைய காரின் கிளட்ச் பெடல் அமுங்கியபடியே நின்றது.
2. கேபிளைக் கழற்றியதும் பெடல் தடையின்றி ஆடியது.
3. உப்புக்காற்றில் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்திருந்தது.

அந்தத் துரு வாடையில், இப்போது துணிக்கடையாகிவிட்ட முதலியார்பேட்டை ஒர்க்‌ஷாப்பும், பழைய டயர்மேல் நான் உட்கார்ந்திருந்த, சுத்தியலும் ரேடியோவும் ஓயாத மத்தியானங்களும் திரும்பி வந்தன. அப்போதும் இந்தக் காரில் அடிக்கடி இதே கோளாறுதான். மெக்கானிக் ஒருமுறைகூட பானட்டைத் திறந்ததில்லை, பெடலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, அம்மாவைக் காட்டி அப்பாவிடம் சொல்வார்: "வண்டில ஒண்ணுமில்ல சார். அக்காதான் கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு ஓட்றாங்க."

"நான் ஓட்றத நீ வந்து பாத்தியா?" என்று அவரிடம் கேட்பாள் அம்மா.

"உன் காலுக்கு லாரிதான் தாங்கும்" என்று அப்பா சிரிப்பார்.

அம்மா ஓட்டுவதையே விட்டாள். தவளக்குப்பம் பள்ளிக்கு, ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் நின்றபடியே போய்வந்தாள்.

புதுக் கேபிள் போட்டுவிட்டேன். பழையதை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டருகே வைத்தேன். அம்மாவின் லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது.