ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிய இசப்கோல்

நகைக்கடை வாசலில் நிற்க வேண்டிய நேரத்தில் நான் கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியைக் கடந்து கடற்கரைப் பக்கம் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். காவலாளி உடுப்பு உடம்பில் இருந்தது. தொப்பியைக் கழற்றிப் பின்பக்கம் பிடித்திருந்தேன். காற்சட்டையின் பின்புறம் நனைந்திருந்தது. அதை மறைக்கத் தொப்பி போதவில்லை.

பாக்கெட்டில் தொலைபேசி அடித்தபடி இருந்தது. காவல் கம்பனியின் மேற்பார்வையாளர். எடுத்தால் "மல்லி, கொஹேத?" என்று சிங்களத்தில் கேட்பார். தம்பி, எங்கே நிற்கிறாய்? நான் எடுக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாகத் தண்டவாளத்தை ஒட்டி நடந்தேன். ஆள் இல்லாத ஒரு இடத்தில் பாறைகளில் இறங்கிக் கடல்நீரில் கழுவிக்கொண்டேன். வயிறு மேளம்போல இறுகியிருந்தது. கழுவக் கழுவத் தண்ணீராகக் கசிந்தது. என் உத்தரவு எதற்கும் அது நிற்கவில்லை.

மலச்சிக்கலைப் பற்றி வெட்கமில்லாமல் எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு வந்ததுபோல யாருக்காவது வந்திருந்தால், அவர் இதை ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டுதான் இருப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். புத்தளத்தில் உப்பு அள்ளினேன், தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன், களனியில் ஒரு மர ஆலையில் நின்றேன். எந்த ஊரிலும் இரண்டு வருசத்துக்கு மேல் இருந்ததில்லை. கடைசியாகக் கொழும்பு. கொட்டாஞ்சேனையில் ஆண்கள் பலர் சேர்ந்து தங்கும் ஒரு வீட்டில் படுக்கை, வெள்ளவத்தையில் நகைக்கடைக் காவல்.

காவல் வேலையில் ஒரு விதி உண்டு. மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு அசையக்கூடாது. கடைக்குள் இருந்த மலசலகூடம் கடைக்காரர்களுக்கு மட்டும். எனக்கு ஒன்றுக்கு வந்தால் கம்பனிக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் பக்கத்து வங்கியில் நிற்கும் காவலாளியை அனுப்ப வேண்டும், அவன் முணுமுணுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வெயிலில் நின்றேன், வியர்த்தது, குடிக்கவில்லை. சிறுநீர்ப் பிரச்சினை தீர்ந்தது.

கொட்டாஞ்சேனை வீட்டில் அத்தனை ஆண்களுக்கும் ஒரே கக்கூஸ். விடிந்ததும் வரிசை. உள்ளே போய் உட்கார்ந்தால் கதவு தட்டப்படும். "உள்ளுக்கை என்ன, ஓலைக் கிடுகு பின்னுறீரோ?" என்று வெளியே நின்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் எழுந்து வந்துவிடுவேன். பிறகு கடை வாசலில் நிற்கும்போது வரும். இறுக்கிப் பிடித்து அடக்குவேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சில மாதங்களில் அந்த உந்துதல் வருவதே நின்றுபோனது. அதை நான் நல்லது என்று நினைத்தேன்.

முதலில் நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைச் சூரணம் (குடலைத் தூண்டிச் சுருங்கவைத்து மலத்தைத் தள்ளும் இலைத் தூள்) வாங்கினேன். வயிற்றைப் பிசைந்து பிசைந்து போனது. ஒரு கரண்டி இரண்டானது. பிறகு மூன்று போட்டும் வயிறு நொந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இடைக்கிடை இரத்தம் பட்டது. இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை போட்டேன். மெலிகிறேன் என்று தெரிந்தது.

அடுத்ததாக இசப்கோல் வாங்கினேன். இது ஒரு விதையின் உமி. கரையும் நார்ச்சத்து, அதாவது தண்ணீரைக் குடித்து வழுவழுப்பான களியாகி மலத்தை இளக்கும் நார். நிறையத் தண்ணீருடன் எடுக்கவும் என்று பக்கெற்றில் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்தால் வெள்ளவத்தையில் இறங்கி ஒரு மணித்தியாலத்தில் வங்கிக் காவலாளியைக் கூப்பிட வேண்டும். ஆகவே வாய்க்குள் கொட்டி ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன். தினமும் அப்படித்தான்.

இப்படி இரண்டு வாரம் சிக்கிக் கிடந்த பிறகுதான் அன்று கடை வாசலில் தண்ணீராகப் போனது.

பாறையில் இருந்தபடி முருகேசுவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். முருகேசு என் அறைத்தோழன், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். நான் மாற்றிக் கட்டச் சாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தான்.

"என்னண்ணே, கடல்ல குளிச்சீங்களா?"

"வயித்தாலை போகுது. நிக்குதில்லை."

"அப்ப நல்லதுதானே. போகல போகலன்னு ரெண்டு வாரமா உசிர எடுத்தீங்க. தொறந்துக்கிச்சு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடைப்பு உடைந்தது, இனி வயிற்றோட்டத்தை நிறுத்தினால் போதும். அறைக்கு வந்ததும் கோப்பித்தூளில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து குழைத்துத் தந்தான். வயிற்றோட்டத்துக்கு நம் வீடுகளில் எல்லோரும் செய்வது. அதோடு சீனி போடாத கடும் சாயத் தேநீர். மாலைக்குள் கசிவு நின்றது. முருகேசு தன் கைவைத்தியத்தை அறை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

அடுத்த நாள் வாந்தி தொடங்கியது. வயிறு தொட முடியாதபடி ஊதியது. முருகேசுதான் அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியில் அவன் ஒரு பகிடியும் விடவில்லை. அதிலிருந்து எனக்குப் பயம் வந்தது.

சத்திரசிகிச்சை விடுதியில் என்னைப் பார்த்தவர் ஒரு இளம் பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். வயிற்றை அமத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படம் பிடிக்க அனுப்பினார், திரும்பி வந்ததும் கையுறை போட்டார்.

"அண்ணா, பின்னாலை விரல் விட்டுப் பாக்கோணும். திரும்பிப் படுங்கோ."

சொன்னபடி படுத்தேன். அவர் நேரம் எடுக்கவில்லை.

"இது வயித்தோட்டம் இல்லை. உள்ளுக்கை கல்லு மாதிரி அடைச்சுக்கொண்டு நிக்குது. அதின்ரை பக்கத்தாலை தண்ணி மட்டும் கசிஞ்சிருக்கு. நீங்கள் அதைப் பாத்து, போகுது எண்டு நினைச்சிருக்கிறீங்கள்."

"கோப்பித்தூள் குடுத்து நிப்பாட்டிட்டம்," என்றேன்.

அவர் முருகேசுவைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"இருந்த ஒரு வழியையும் அடைச்சிருக்கிறீங்கள். குடல் வெடிச்சிருந்தால் இப்ப நீங்கள் என்னோடை கதைச்சுக்கொண்டிருக்க மாட்டீங்கள்."

இதற்கு மலம் இறுகல் என்று பெயர் (பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மலம் காய்ந்து கட்டியாகி அடைத்துக்கொள்வது). நீண்ட நாள் சிக்கலுக்குப் பிறகு திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதை வயிற்றோட்டம் என்று நம்பி மருந்து கொடுக்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அந்த அடைப்பை எடுத்த விதத்தை விவரிக்கப் போவதில்லை. கையாலும் எனிமாவாலும் எடுத்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிந்தபோது மூச்சு வயிற்றின் அடிவரை போனது. அவ்வளவு ஆழத்துக்கு மூச்சு போகும் என்பதை மறந்திருந்தேன்.

நான் தப்பிவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் டொக்டர் திரும்பி வந்தார்.

"மெலிஞ்சிருக்கிறீங்கள். இரத்தமும் போயிருக்கு. வீட்டிலை ஆருக்கும் குடல் கான்சர் இருந்ததோ?"

எனக்குத் தெரியாது. வவுனியாவில் இருக்கும் அக்காவுக்கு எடுத்தேன். எங்கள் அப்பா எதனால் செத்தார் என்று கேட்டேன். இத்தனை வருசத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

"ஏன்ரா இப்ப கேக்கிறாய்?"

"டொக்டர் கேக்கச் சொன்னவ."

"வயிறு ஊதினது. சாப்பாடு இறங்கேல்லை. இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழை இருந்தனாங்கள், ஆர் பாத்தது என்ன வருத்தமெண்டு?" பிறகு கேட்டாள், "உனக்கும் ஊதினதோ?"

"ஓம்."

 தொலைபேசியை வைத்துவிட்டு டொக்டரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

சில வாரம் கழித்துப் பெருங்குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் சிறிய சதைத் துளிர் (குடல் சுவரில் முளைக்கும் மேலதிகச் சதை) இருந்ததாகவும், அதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்கள். முடிவு வரக் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்த காலத்தில்தான் என் குடலுக்கு மறுபடி பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். காவல் வேலை போயிருந்தது. முருகேசுவின் கடையில் கோப்பை கழுவினேன், சாப்பாடு தந்தார்கள். முதலில் டொக்டர் தந்த மலமிளக்கிப் பாணி மருந்து மட்டும். அடைப்பு முழுதாக நீங்கியது என்று அவர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் நார்ச்சத்து. நான் பாவித்த பொட்டலங்களை எல்லாம் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். நிலாவாரையை ஒரு பக்கம் ஒதுக்கினார். எப்போதாவது ஒரு நாளைக்குப் போடலாம், தினச் சாப்பாடாக்கக் கூடாது என்றார். இசப்கோலை என் பக்கம் தள்ளினார்.

"இதிலை பிழை இல்லை. தண்ணியில்லாமல் போட்டதுதான் பிழை. பெரிய கிளாஸ் தண்ணியிலை கலக்கி உடனை குடியுங்கோ. பின்னாலை இன்னொரு கிளாஸ். வேறை மருந்து குடிக்கிற நேரத்திலை குடிக்க வேண்டாம்."

அரைக் கரண்டியில் தொடங்கி மெதுவாகக் கூட்டினேன். முதல் வாரம் காற்றுப் பிடித்து உப்பியது. உப்பும் ஒவ்வொரு தடவையும் அப்பா இருந்த மரத்தடி நினைவுக்கு வந்தது. மத்தியானத்தில் ஊறவைத்த கசகசாவைத் தேசிக்காய்த் தண்ணீரில் போட்டுக் குடித்தேன். நம்மூர்ச் சர்பத்தில் மிதக்கும் அந்தக் கறுப்பு சப்ஜா விதையும் இசப்கோலைப்போலவே ஊறி வழுவழுப்பாகும். முருகேசு கோப்பித்தூள் குற்றத்துக்குப் பரிகாரமாகப் பூசணிக்காயும் வெண்டிக்காயும் பயறும் எனக்குத் தனியாக எடுத்துவைத்தான். பப்பாசிப் பழத்தை வெட்டித் தரும்போது, "சாப்பிடுங்க, ஆனா எதாச்சும் நடந்தா டொக்டரம்மாகிட்ட என் பேரச் சொல்லாதீங்க" என்பான். இரவில் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலைத் தூள் கொஞ்சம், அதுவும் டொக்டரைக் கேட்டுத்தான்.

மூலிகை எல்லாம் நல்லது என்றோ கெட்டது என்றோ நான் சொல்ல வரவில்லை. பெருங்குடல் ஒரு நாளில் மாறாது. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு ஊர் சரிவராவிட்டால் அடுத்த ஊருக்கு பஸ் ஏறியவன் நான். இதை விட்டுவிட்டு எங்கே போவது?

மற்றவர்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கக்கூஸில் போய் அமைதியாக உட்கார்ந்தேன். முக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பல நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, மாதங்களாகச் செத்துக்கிடந்த அந்த உந்துதல் மெல்லியதாக வந்தது. உள்ளே யாரோ விரலால் தொட்டதுபோல. நான் பயந்துபோய் அசையாமல் இருந்தேன், அசைந்தால் போய்விடுமோ என்று.

கிளினிக் நாளில் டொக்டர் அறிக்கையை வாசித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கான்சர் இல்லை," என்றார். "ஆனா அப்பிடியே விட்டிருந்தால் பிறகொரு காலத்திலை மாறியிருக்கலாம். ஐஞ்சு வருசத்திலை திரும்பப் பாக்கோணும். மறக்காமல் வாங்கோ."

"ஐஞ்சு வருசமோ?"

"ஓம். ஏன், எங்கையும் போறீங்களோ?"

தெரியாது என்றேன். அவர் சிரித்தார். ஐந்து வருசத்துக்குப் பிறகு நான் இருக்க வேண்டிய இடத்தை அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் தொடர்ந்தார்: "இன்னும் ஒண்டு. திரும்ப இப்பிடி அடைச்சால் இவ்வளவு சுலபமாத் தப்ப மாட்டீங்கள். வரேக்கை போயிடோணும். ஆரையும் கேட்டுக்கொண்டு நிக்கக்கூடாது." அப்பாவுக்கு என்ன நோய் என்பது இனியும் தெரியப்போவதில்லை. எனக்கு என்ன என்று தெரிந்துவிட்டது.

அன்று மாலை பழைய கம்பனியிலிருந்து அழைத்தார்கள். ஆள் தட்டுப்பாடு. இரத்மலானையில் ஒரு களஞ்சியத்தில் காவல், சம்பளம் முந்தியதைவிடக் கூட. மாற்று ஆள் உண்டா என்று கேட்டேன். அது கம்பனி பார்த்துக்கொள்ளும் என்றார் மேற்பார்வையாளர். வரவில்லை என்றேன்.

முருகேசு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "வெள்ளவத்தையில ஒரு கல்யாண மண்டபத்துல ஆள் தேடுறாங்க. எங்க கட சாப்பாடு அங்க போகும். கக்கூஸும் கழுவணும்ண்ணே, இப்பவே சொல்லிட்டேன்."

அடுத்த நாள் காலை அங்கே போனேன். மண்டபப் பொறுப்பாளர் வயதான யாழ்ப்பாணத்துக்காரர். கலியாணம் இல்லாத நாள், வாடிய மாலைகளும் கவிழ்த்த கதிரைகளும்தான். என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் வரிசையாக இருந்த கதவுகளைத் திறந்து காட்டினார்.

"இதெல்லாம் தினம் கழுவோணும். வெக்கமெண்டால் இப்பவே சொல்லும், தம்பி."

"வெக்கமில்லை. வேலை நேரத்திலை நானும் இதைப் பாவிக்கலாமோ?"

அவர் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து என்னிடம் நீட்டினார். "பின்னை வீட்டையோ போகப் போறீர்?"

தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் குடித்துவிட்டு மண்டபத்தைக் கூட்டத் தொடங்கினேன். பாதியில் வந்தது. தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஒருவரையும் கேட்காமல் போனேன்.