டாக்டர் கேட்ட கேள்விகள்

கொரோனா இரண்டாவது அலையின்போது என் மனைவியை நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மோகனூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் கோழிப்பண்ணை. காய்ச்சல் கண்ட ஆறு நாளையும் அவள் கஷாயம் குடித்தே ஓட்டிவிட்டாள். ஏழாம் நாள் காலை தீவனம் போடப் போனவள் கொட்டகைக் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மூச்சு இரைத்ததே தவிரப் பேச்சு வரவில்லை.

விரலில் கருவியை மாட்டிய நர்ஸ், "ஆக்சிஜன் எண்பத்திரண்டு" என்று உள்ளே கத்தினார். அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார் ஒரு பெண் டாக்டர்.

"வயசு?"

"அம்பத்தெட்டுங்க."

"சுகர் இருக்கா? என்ன மாத்திரை போடறாங்க?"

"சுகர் இருக்குதுங்க. மாத்திரை... தெரியலீங்க."

"கேட்டுச் சொல்லுங்க. வயசு, சுகர், உடம்பு எடை, லேட்டா வர்றது, இதெல்லாம் சேர்ந்தா உயிருக்கு ஆபத்து அதிகம்."

அவர் சொன்ன அத்தனையும் அவளுக்கு இருந்தன. சுவரோரம் உட்கார்ந்து கொழுந்தியாளுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அக்கா மாத்திரைய உட்டு அஞ்சு மாசமாச்சுங்க. போட்டா கிறுகிறுன்னு வருதாமா. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுச்சு."

இதைச் சொன்னால் பிழைக்க மாட்டாள் என்று கைவிட்டுவிடுவார்களோ? வெளியே ஆம்புலன்ஸ்கள் படுக்கைக்காகக் காத்து நின்றன. சொல்லவும் பயம், மறைக்கவும் பயம். கடைசியில் போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. நாங்க போடற ஊசி சுகரை இன்னும் ஏத்தும். இன்சுலின் சேத்துப் போடறோம்" என்று வேகமாக உள்ளே போனார்.

வாசலில் என்னோடு ஒரு பெரியவர் காத்திருந்தார். "எம்பையனுக்கு முப்பது வயசுதானுங்க. சுகரில்ல, பிரஷரில்ல" என்று என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். மூன்றாம் நாள் மத்தியானம் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஒன்றுமில்லாதவனே போய்விட்டானென்றால் என் மனைவி எம்மாத்திரம்? அதன்பின் அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடப்போகிறார்கள் என்று எழுந்து எழுந்து நின்றேன்.

பதினொரு நாள் கழித்து அவளைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். காரில் ஏறியதும் கேட்டேன்.

"மாத்திரைய உட்டத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க என்னைக்குங்க கேட்டீங்க?" என்றாள். அதற்குள் மூச்சு வாங்கியது. பேச வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் ஒருமுறை இருமினால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, அடுத்த இருமல் வருகிறதா என்று நின்று கேட்கிறேன்.