எட்டாம் அறையின் இருமல்

வாஹித் பாஷா மூங்கில் சிம்பால்தான் பத்திரிகைத் தாளைப் புரட்டுவார். பென்சில் நீளம், நுனி தேய்த்து வழவழப்பாக்கியது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய விரல்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் பழுப்பு போகாது. பத்திரிகை என்னுடையது. முதல்முறை இரவல் கொடுத்தபோது, "கறை படாமல் வரட்டும்" என்று வாத்தியார் புத்தியில் சொல்லிவிட்டேன். மறுநாளே சிம்பு வந்துவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு எப்போதும் இழவு வீட்டிலிருந்து வருகிற முகம். சிரிப்பு வந்தாலும் தாடியைத் தடவி மறைத்துக்கொள்வார். அவரையே ஆட்டி வைத்தது ஒரு கதை வரிசை. சென்னையில் ஓர் ஒண்டுக்குடித்தன வீடு, எட்டு அறை. வாரம் ஓர் அறைக்கு ஒரு கதை. முதல் கதையில் இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு தொலைத்த குடையோடு நாலாம் கதையில் ஒருவன் பெண் பார்க்கப் போவான். எந்தக் கதையானாலும், முக்கியமான கட்டத்தில் எட்டாம் அறைக் கிழவி சுவருக்கு அப்பால் இருமுவாள். பொய் சொல்பவன் உளறுவான், திருடன் ஓடுவான்.

"ஒண்ணொண்ணா படிச்சா வெறும் கதை, வாத்தியாரே. சேத்துப் படிச்சா நமக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் ஜாஸ்தியாய்ட்டே போவுது. குடை எங்கேன்னு அந்த வூட்ல ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்!" என்பார். மூன்றாம் கதையில் ஒடிந்த குடைக் கைப்பிடி ஐந்தில் எப்படி முழுசானது என்று ஒரு வாரம் பேஜாரில் இருந்தார். ஆறாம் கதையில் யாரோ அதற்கு ஆணி அடித்ததாக ஒரே வரி வந்தது. அதைச் சொல்லப் பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. தொழுகை முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சாக்குத் திரையை ஒட்டி உள்ளே அவர் மனைவி பில்கிஸின் கட்டில். நெஞ்சு நோய், டாக்டர் கைவிரித்துவிட்டார். நான் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை, இருமலைத்தான் கேட்டிருக்கிறேன். தமிழ் புரியும், எழுத்துத் தெரியாது. சிம்பு தாளைத் தள்ளும் சத்தத்தை எண்ணிக்கொண்டே கேட்பார்.

"மூணு தாள் ஆய்ட்சே, கெழவி இன்னும் இருமலியா? என் கதை எப்போங்க வரும்?"

போன வாரம் அந்த எட்டாம் அறைக் கதை வந்தது. நான் முந்திப் படித்துவிட்டேன். குடித்தனக்காரர்கள் எட்டாம் அறைக் கதவைத் தட்டித் தள்ளுகிறார்கள். கட்டில் காலி. கிழவி ஆஸ்பத்திரியில் செத்து நாலு நாளாகிறது. இருமல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. சுவர் ஆணியில் குடை மட்டும் தொங்குகிறது. எழுதியவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

முடிவை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். அன்று அவர் தொழுகை முடிந்து வரும் வழியிலேயே அதை மீறினேன். அவர் நின்றுவிட்டார்.

"அவளுக்கு நான் நாள் எண்ணிக்கினு இருக்கேன். இதை எப்டிப் படிக்கறது? படிக்கலேன்னாலும் கண்டுபுடிச்சிடுவா."

வாசற்படியில் உட்கார்ந்து மூன்று தாளை உள்ளபடி படித்தார். கதவைத் தட்டும் இடத்தில் சிம்பு நின்றது. குரல் நிற்கவில்லை. கிழவியே கதவைத் திறந்தாள். "என் குடையை இத்தினி நாளா எவன்டா வெச்சிருந்தது?" என்று ஏழு அறைக்காரர்களையும் வரிசையில் நிறுத்தினாள். அவரவர் சொன்ன பொய்க்கு ஆளுக்கு ஓர் இருமல். பத்திரிகையில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. உள்ளே பில்கிஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வாஹித் பாஷா விடவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. தாளில் எழுத்து ஒன்றும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கதை இன்னும் நாலு தாள் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மடியில் அதே பக்கம்தான் விரிந்திருந்தது.

இருமல் அடங்கியது. பிறகு திரையின் ஓரம் விலகி, கண்ணாடி வளையல்கள் தளர்ந்து தொங்கும் மெலிந்த கை ஒன்று வெளியே வந்தது. அவர் விரல்களிலிருந்து சிம்பை வாங்கித் தாளைப் புரட்டிவிட்டு, அதைத் திரும்ப அவர் கையிலேயே வைத்தது.